வராமல் போன கம்பனியின் கடைசி ஆட்டம்

என்ரை கடையிலை ரீவி இருக்கிறது வாடிக்கைக்காரருக்குப் பாட்டுப் போட எண்டு என்ரை மனிசன் எல்லாருக்கும் சொல்லுவார். பச்சைப் பொய். அது நான் பந்து பார்க்க வாங்கினது. பாரிஸ் லா சப்பலிலை தடுக்கி விழுந்தால் ஒரு சாப்பாட்டுக்கடை. ஆனால் ரோல்ஸைப் பொரிச்சுக்கொண்டே "எட விசரா, அது ஓஃப்சைட்!" எண்டு ரீவியோடை சண்டை பிடிக்கிற பொம்பிளை நான் ஒருத்திதான். ஊரிலை பொம்பிளைப் பிள்ளையளின்ரை பள்ளிக்கூடத்திலை விளையாட்டு ரீச்சரா இருந்தனான். அந்த விசில் இப்பவும் கல்லாவுக்குப் பக்கத்திலை ஆணியிலை தொங்குது. வரிசையிலை நிக்கிற ஆக்கள் தள்ளுப்பட்டால் எடுத்து ஒரு ஊது ஊதுவன். எல்லாரும் நேரா நிப்பினம்.

சனிக்கிழமையிலை பாண்டிச்சேரிக்காரர் கனபேர் வருவினம். சார்செல்லிலையிருந்து டி லைன் ரயிலிலை கார் து நோர் ஸ்டேஷனுக்கு வந்திறங்கி, ரூ காய் தெருவிலை முருங்கைக்காய், மீன், வெத்திலை எல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசியா என்னட்டைத் தேத்தண்ணிக்கு வருவினம். அதிலை ஒரு ஐயா. எழுபதைத் தொட்ட வயசு, முதுகு மட்டும் இன்னும் வளையேல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்திலை இருந்து பென்சன் எடுத்தவர். அப்பிடியான ஆக்களை அவையள் 'சொல்தா' எண்டு சொல்லுவினம். அவற்றை கையைப் பார்த்தாலே எனக்கு விளங்கியிட்டுது, அது கோல் காத்த கை. ரண்டு விரல் முறிஞ்சு பொருந்தி ஒரு பக்கமாச் சரிஞ்சு நிக்கும். நான் மனசுக்குள்ளை அவருக்கு வைச்ச பேர் கீப்பர் ஐயா.

போன வருசம் குளிர் முடியிற நேரம், ஒருநாள் ரீவியிலை விளையாட்டுச் செய்தி போகுது. எங்கேயோ ஒரு சின்னக் கிளப் ஆட்டத்துக்கு வரேல்லையாம். 'ஃபோர்ஃபே' எண்டு சொல்லி மற்றப் பக்கத்துக்கு வெற்றியைத் தூக்கிக் குடுத்திட்டினமாம். வராத அணி தோத்த அணி, அதுதான் இஞ்சத்தைச் சட்டம். நான் வழமை மாதிரி வாயை விட்டன்.

"வரப் பயந்த ஆக்களுக்கு என்னத்துக்குக் கிளப்பு?"

கீப்பர் ஐயா தேத்தண்ணிக் கோப்பையை மேசையிலை வைச்ச சத்தம் குசினி வரைக்கும் கேட்டது.

"பயந்து வராம இல்லம்மா. எங்களை வர விடல," எண்டார்.

நான் கரண்டியோடை அப்பிடியே வெளியிலை வந்திட்டன். மனிசன் உள்ளுக்கு நிண்டு "ரோல்ஸ் கருகுது!" எண்டு கத்துறார். கருகட்டும். பந்துக் கதை எண்டால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அவர் சொன்ன கதை இதுதான். இளம் வயசிலை அவற்றை பட்டாளக் கம்பனி ஜெர்மனி எல்லைப் பக்கம் ஒரு கசெர்னிலை, அதுதான் பட்டாளக் குடியிருப்பிலை, இருந்தது. சரியான பனி. வேலை முடிஞ்சால் செய்ய ஒண்டுமில்லை. அங்கை இருந்த பாண்டிச்சேரி, காரைக்கால் பெடியள் ஏழெட்டுப் பேர், வெள்ளைக்காரப் பெடியள் கொஞ்சப் பேரோடை சேர்ந்து ஒரு பந்துக் கிளப்பைத் துவங்கிச்சினம். உடுப்புக்கு என்ன செய்யிறது? பட்டாளம் குடுத்த வெள்ளைப் பெனியனைக் குசினிக்குள்ளை கொண்டு போய், பெரிய அண்டாவிலை பீட்ரூட்டைப் போட்டு அவிச்சுச் சாயம் ஏத்திச்சினமாம். முதலாவது ஆட்டத்திலை மழை. சாயம் கரைஞ்சு காற்சட்டை, சப்பாத்து, பந்து எல்லாம் ரோசா நிறம். அண்டையிலையிருந்து கசெர்ன் முழுக்க அவையளுக்கு 'ரோசாக் கம்பனி' எண்டுதான் பேர்.

"சிரிச்சாங்க. ஆனா ஒருத்தனும் எங்களை ஜெயிக்கலை," எண்டார். அவற்றை கண் அப்பிடி மின்னுது. "ஒவ்வொரு கம்பனியா வந்தான். ஒவ்வொருத்தனா அனுப்பினோம். நேரா ஃபைனல்!"

"பேந்து?"

"ஃபைனலுக்கு மொத நாள் ராத்திரி உத்தரவு வந்துச்சு. கம்பனி மொத்தமும் ஆப்பிரிக்காவுக்கு. லாரில ஏத்திட்டாங்க. நான்தான் கேப்டன். கேப்டனா இருந்து என்ன பண்றது? மறுநாள் எதிர் கம்பனிக்காரங்க மைதானத்துல வந்து நின்னாங்க. ரெஃபரி மணி பாத்தாரு, விசில் ஊதினாரு, கப்பைத் தூக்கி அவங்க கைல குடுத்துட்டாரு. கப்போட அடியில எழுதியே வச்சுட்டாங்க, ஃபோர்ஃபேன்னு. நாங்க பாலைவனத்துல போய் இறங்கறப்போ பைக்குள்ள அந்த ரோசா பெனியன் மடிச்சபடியே இருக்கு."

திரும்பி வரேக்கை கம்பனியையே கலைச்சுப் பெடியளை வேறை வேறை ஊருக்கு அனுப்பிப்போட்டினம். கிளப் பிறந்ததும் போனதும் ஒரு வருசத்துக்குள்ளை. யோசிச்சுப் பார்த்தால் பட்டாளத்துக் கிளப்புகள் எப்பவும் அப்பிடித்தான் இருந்திருக்கும். பந்து உருளத் துவங்க உத்தரவு வந்திடும்.

"தோத்திருந்தாப் பரவால்லம்மா," எண்டார். "அஞ்சு கோல் வாங்கித் தோத்திருந்தாக்கூட அன்னிக்கு ராத்திரியே மறந்திருப்பேன். வரலைன்னு எழுதியிருக்கான் பாருங்க. நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, நாங்க இன்னும் தோக்கல. இன்னும் போய்ச் சேரல, அவ்வளவுதான்."

நான் இன்னும் கிட்டப் போனன். "அந்தக் கப் இப்ப எங்கை ஐயா?"

அவர் முருங்கைக்காய்ப் பையைத் தூக்கினார், திரும்ப வைச்சார். பிறகு மெல்லமாச் சொன்னார்:

"என் சம்பந்தி வீட்டுல."

ஐயோ கடவுளே! எதிர்க் கம்பனியின்ரை கேப்டனும் ஒரு பாண்டிச்சேரி சொல்தா. ரண்டு பேரும் பென்சன் எடுத்து, ரண்டு பேரும் சார்செல்லிலை மாடிவீடு எடுத்து, அவற்றை மகனும் இவற்றை மகளும் காதலிச்சுக் கலியாணமும் முடிச்சாச்சு. பொம்பிளையின்ரை தகப்பன் இவர். மாப்பிள்ளையின்ரை தகப்பன் அவர். சம்பந்தம் பேசப் போன அண்டைக்கு, வரவேற்பறை அலுமாரிக்கு மேலை அந்தக் கப்! அதுக்குள்ளை பிளாஸ்ரிக் ரோசாப்பூ! இவர் அதைப் பார்த்துக்கொண்டே இடிச்சபுளி மாதிரி இருந்து தட்டு மாத்தினவர். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும், பேரப்பிள்ளையின்ரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுறது.

"கேக்கிறதுதானே? 'வாங்கோ, அந்த ஆட்டத்தை இப்ப விளையாடுவம்' எண்டு?"

"எப்படிம்மா கேக்கறது? பொண்ணு குடுத்தவன் நான். சம்பந்திகிட்டப் போய் மோதலாமான்னா என் வீட்டுக்காரி என்னை உள்ள விடுவாளா?"

எனக்கு வந்ததே ஒரு கோபம். பாரிசிலை இத்தனை வருசம், பிரெஞ்சுக் குடியுரிமை, பட்டாளத்திலை மெடல், எல்லாம் இருக்கு. சம்பந்திக்கு முன்னாலை மட்டும் வாய்க்குள்ளை கொழுக்கட்டை! "இது என்ன விசர்க்கதை ஐயா," எண்டு கத்தினன். கடையிலை நிண்ட ஆக்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தினம். பார்க்கட்டும்.

கப் வைச்சிருக்கிற சம்பந்தியையும் எனக்குத் தெரியும். ஆள் குண்டு, வாயெல்லாம் சிரிப்பு, வாராவாரம் எங்கடை தெருவுக்கு வஞ்சிரமீன் வாங்க வாறவர். கப் ஐயா எண்டு வைப்பம். அடுத்த சனி அவர் உள்ளுக்கு வந்து இருக்கக்கூட இல்லை, நான் போய் முன்னாலை நிண்டன்.

"உங்கடை வீட்டுக் கப்புக்குள்ளை இருக்கிற பூவை எப்ப எடுக்கப் போறியள்?"

அவர் ஒரு நிமிசம் முழுசினார். பேந்து தொடையிலை தட்டிச் சிரிச்சார். சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணாலை தண்ணி வந்திட்டுது.

"அவர் கேக்கவே மாட்டேங்கறாரும்மா! நான் மட்டும் என்ன, வெறுங்கப்பை வச்சுக்கிட்டுச் சந்தோசமாவா இருக்கேன்? ஒரு பந்துகூட உதைக்காம வாங்கின கப்பு அது. அலமாரில நிக்கறப்போ கெக்கெக்கேன்னு சிரிக்குது என்னைப் பாத்து. பூவைச் சொருகி மூடி வச்சிருக்கேன்."

"அப்ப நீங்களாவது கேட்டிருக்கலாமே?"

"பையனைப் பெத்தவன் போயி 'வா மோதிப் பாக்கலாம்'னு கூப்பிட்டா என்ன ஆகும்? வம்புக்கு இழுக்கறான்னு ஆயிடும். அவங்க பொண்ணு என் வீட்டுலல்ல இருக்கு!"

பார்த்தியளே கூத்தை! இவர் பொம்பிளை குடுத்தவர் எண்டு கேக்கேல்லை. அவர் பொம்பிளை எடுத்தவர் எண்டு கேக்கேல்லை. ரண்டு பேரும் ஒரே ஆட்டத்துக்கு ஏங்கிக்கொண்டு, ஒரே மேசையிலை இருந்து, வருசக்கணக்கா மரியாதையாப் பாயசம் குடிச்சிருக்கினம். கலியாணத்துக்குத் தரகர் வேணும் எண்டு தெரியும். பந்துக்கும் தரகர் வேணும் எண்டு அண்டைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது.

"சரி. நான் கேக்கிறன்," எண்டன். "ரண்டு பேரும் என்ரை வாய்க்குப் பயந்து விளையாடுறியள் எண்டு வீட்டிலை சொல்லுங்கோ."

அண்டையிலையிருந்து என்ரை கடை கடையா இருக்கேல்லை. ரெஃபரி ஆர் எண்டதிலை முதல் சண்டை. பாண்டிச்சேரிக்காரரிலை ஆரை எடுத்தாலும் ஏதோ ஒரு பக்கத்துக்கு மாமன், மச்சான், ஞானத்தகப்பன் எண்டு வந்து முடியுது. கடைசியா ரண்டு பேரும் ஒரே நேரத்திலை ஆணியிலை தொங்கின விசிலைப் பார்த்தினம். "நீங்க யாழ்ப்பாணம். எங்க ரெண்டு பேருக்குமே சொந்தமில்ல. நீங்களே ஊதுங்க." எனக்குத் துள்ள வேணும் போலை இருந்தது. துள்ளேல்லை. ரெஃபரி துள்ளக்கூடாது.

அடுத்தது ஆக்கள். பழைய கம்பனிகளிலை ஓடக்கூடிய ஆக்களை எண்ணினால் விரல் மிஞ்சுது. சிலபேர் செத்துப்போச்சினம், சிலபேர் முழங்காலை மாத்திப்போட்டினம். பக்கத்துக்கு ஏழு பேர் எண்டு முடிவெடுத்தம். செத்த ஆளின்ரை இடத்துக்கு அந்தக் கம்பனியிலை ஆரின்ரை பிள்ளையெண்டாலும் வரலாம் எண்டது ரண்டு பேரும் ஒத்துக்கொண்ட விதி. கப் ஐயாவுக்கு மகன் இருக்கிறான். அதாவது கீப்பர் ஐயாவின்ரை மருமகன். அவன் தகப்பன் பக்கந்தான் எண்டதிலை பேச்சில்லை. கீப்பர் ஐயாவுக்கோ ஒரு ஆள் குறையுது.

அப்ப கடைக்குள்ளை தாய் தகப்பனோடை வந்து நிண்ட மகள் வாயைத் திறந்தாள். முப்பது முப்பத்தஞ்சு வயசிருக்கும், சென் தெனியிலை ஒரு ஒஃபிசிலை வேலை. இஞ்சை பிறந்த பிள்ளை, தமிழிலை கேட்டால் பிரெஞ்சிலை மறுமொழி. அண்டைக்கு மட்டும் தமிழிலை சொன்னாள்.

"பிள்ளை வரலாம்னா நானும் பிள்ளைதான். நான் ஆடறேன்."

"புருசனுக்கு எதிரா?" எண்டு தாய் பதறிச்சுது. கீப்பர் ஐயாவின்ரை மனிசி ஒரு நல்ல மனுசி, ஆனால் எல்லாத்துக்கும் நெஞ்சைப் பிடிக்கிறவ. "சம்பந்தி வீட்டை நீங்க ஜெயிச்சிட்டா இவ அங்க போய் எப்படி வாழறது?"

"மமோன், சா சுஃபி!" 'போதும் அம்மா' எண்டு மகள் வெட்டினாள். நான் கைதட்டிப்போட்டன். ரெஃபரி கைதட்டவும் கூடாது, ஆனால் அது மைதானத்துக்கு வெளியிலை தானே.

போர்த் து லா சப்பல் பக்கத்திலை ஒரு மைதானம். மெரியிலை, அதுதான் நகரசபையிலை, எழுதிக் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எடுத்தம். எங்களுக்குப் பிறகு வேறை பெடியள் பதிஞ்சிருக்கினம், பிந்தினால் எழும்பச் சொல்லிப்போடுவினம். விளையாட எல்லாருக்கும் டொக்ரர் சான்றிதழ் வேணுமாம். எழுபது வயசு ஆக்கள் வரிசையா வந்து நிக்க, அந்த டொக்ரர் பிள்ளை ஒவ்வொருத்தரிட்டையும் "நிச்சயமா ஃபுட்போலா? பெத்தாங்க் இல்லையா?" எண்டு கேட்டதாம். பெத்தாங்க் எண்டது பார்க்கிலை கிழவர் உருட்டுற இரும்புக்குண்டு. கீப்பர் ஐயாவுக்கு ரத்தம் கொதிச்சிட்டுது. அந்தக் கொதியைக் கணக்கெடுக்காமல் டொக்ரர் கையெழுத்துப் போட்டது எங்கடை அதிர்ஷ்டம்.

பெனியனுக்குச் சாயம் என்ரை பிரியாணிச் சட்டியிலைதான் ஏத்தினது. பீட்ரூட் மூட்டையா வாங்கிச் சீவி அவிச்சு, கை முழங்கை வரைக்கும் சிவப்பு. "இனிமேல் இந்தச் சட்டியிலை சமைக்கிற சோறு என்ன நிறத்திலை வரும்?" எண்டு மனிசன் கேட்டார். ரோசா நிறத்திலைதான் வந்தது. ஸ்பெஷல் எண்டு சொல்லி வித்துப்போட்டன்.

ஒரே ஒரு விசயத்திலை மட்டும் கீப்பர் ஐயா என்ரை சொல்லைக் கேக்கேல்லை. "ஞாயிற்றுக்கிழமை டி லைனை நம்பேலாது ஐயா. தனித்தனியா, முன்னுக்குப் பின்னா வாங்கோ, காரிருக்கிறவை காரிலை வாங்கோ" எண்டு தலைப்பாடா அடிச்சனான். "கம்பனி ஒண்ணாத்தாம்மா போவும்" எண்டார். பட்டாளப் புத்தி! ஏழு பேரும் ஒரே ரயில், ஒரே பெட்டி. அதுக்கு மேலை சொன்னால் கல்லிலை நார் உரிக்கிற வேலை.

அந்த ஞாயிறு வந்தது. வானம் கறுத்துக்கொண்டு நிக்குது. கப் ஐயாவின்ரை பக்கம் ஒரு வெள்ளை வானிலை நேரத்துக்கே வந்திறங்கி, வரிசையா நிண்டு குனிஞ்சு நிமிர்ந்து கொண்டிருக்கினம். கோட்டுக்கு வெளியிலை ஒரு கதிரையிலை கப், பூவோடை. அதுக்குப் பக்கத்திலை கீப்பர் ஐயாவின்ரை மனிசி, கையிலை செபமாலை. அவவைப் பேரப்பிள்ளையோடை வானிலையே கூட்டிக்கொண்டு வந்தவை. மற்றப் பக்கத்தைக் காணேல்லை. ஆட்ட நேரம் வந்தது. காணேல்லை. என்ரை ஃபோன் அடிக்குது.

"அம்மா!" கீப்பர் ஐயா. அந்தக் குரலை என்னாலை மறக்கேலாது. "ரயிலு நின்னுபோச்சு. சென் தெனிக்கு முன்னாடி, நடு வழில. கதவு திறக்க மாட்டேங்கறான். அம்மா, ஊதிடாதீங்க! கெஞ்சிக் கேக்கறேன், விசிலை ஊதிடாதீங்க!"

வராட்டில் கொஞ்ச நேரம் பொறுத்து ஊத வேணும், அதுதான் நாங்கள் எழுதின விதி. ரண்டு பக்கமும் சம்மதிச்சது. அந்த விதியைச் சொன்னதே கீப்பர் ஐயாதான், "போன தடவை மாதிரியே இருக்கட்டும், சலுகை வேணாம்" எண்டு. நான் விசிலை வாய்க்குக் கிட்டக் கொண்டு போகவும் பயந்து, பொக்கற்றுக்குள்ளை வைச்சுப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். எட ரயிலே, நாசமாப் போன ரயிலே, நாற்பது வருசத்துக்குப் பிறகும் இந்த மனுசனை நடுவழியிலை நிப்பாட்டுறியே எண்டு எனக்கு அழுகையே வந்திட்டுது.

கப் ஐயா கிட்ட வந்தார். "என்னம்மா?"

சொன்னன். அவர் மணிக்கூட்டைப் பார்க்கேல்லை. தன்ரை மகனைப் பார்த்து விரலாலை ஒரு சொடுக்கு.

"வண்டியை எடு. ரயில் சென் தெனி ஸ்டேஷனுக்குள்ள வந்ததும் எல்லாரையும் ஏத்திக்கிட்டு வா." பிறகு என்ரை பக்கம் திரும்பினார். "போன தடவ நாங்க சும்மா நின்னு காத்திருந்தோம். அது போதும். இந்தத் தடவ நாங்களே போய்க் கூட்டியாறோம்."

"விதி இருக்கே ஐயா?"

"உங்க கடிகாரம் ஓடுதா? எனக்கென்னவோ ஓடாத மாதிரி இருக்கு."

நான் கையைத் தூக்கி மணிக்கூட்டைக் கழட்டிக் கைப்பைக்குள்ளை போட்டன்.

அந்த வான் திரும்பி வந்து நிண்ட காட்சி இருக்கே! கதவு திறந்ததும் ரோசாப் பெனியனோடை முதல் குதிச்சது கீப்பர் ஐயா. நடக்கேல்லை, ஓடினார். நேரா மைதானத்துக்கு நடுவிலை போய், இரண்டு காலையும் ஊண்டி நிண்டு, மார்பை நிமித்திக் கத்தினார்:

"வந்துட்டோம்!"

எதிர்ப்பக்கம் ஏழு பேரும் கைதட்டிச்சினம். நான் வலு கெதியா விசிலை ஊதினன், இல்லாட்டில் அழுதிருப்பன்.

ஆட்டம் எண்டால் அது ஆட்டம்! ஓட்டம் குறைவுதான், ஒத்துக்கொள்ளுறன். ஒராள் பந்தைத் தட்டினால் மற்றவர் அது வந்து சேரும் வரைக்கும் மூச்சு வாங்குவார். ஆனால் குத்துப்பாடு, கத்தல், "ஆஃப்சைடு மதாம்!" எண்டு எனக்கு மேலை பாய்ச்சல், ஒண்டுக்கும் குறைவில்லை. மழையும் பிடிச்சுது. பீட்ரூட் கரையத் துவங்கிச்சுது. பத்து நிமிசத்திலை பந்து ரோசா, கோல் கம்பம் ரோசா, கப் ஐயாவின்ரை மொட்டை ரோசா. கீப்பர் ஐயா கோலுக்குள்ளை நிண்டு, சேத்திலை விழுந்து எழும்பி, வளைஞ்ச விரலாலை பந்தைத் தட்டித் தட்டி வெளியிலை அனுப்புறார். அந்தக் கை சும்மா வளையேல்லை எண்டு அண்டைக்குப் பார்த்தன்.

இரண்டுக்கு இரண்டு. எங்களுக்குப் பிறகு விளையாட வந்த பெடியள் கோட்டுக்கு வெளியிலை நிண்டு, முதல் சிரிச்சு, பிறகு ஃபோனிலை எடுத்து, கடைசியிலை ஆளுக்கொரு பக்கம் பிரிஞ்சு கத்துறாங்கள். முடியப் போற நேரம். மருமகன் பந்தைக் கொண்டு கோலை நோக்கி வாறான். தடுக்க முன்னாலை நிண்டது மகள். அவன் ஒரு பக்கம் காட்டி மறு பக்கம் வெட்டினான். அவள் விட்டாளே? காலை நீட்டினாள். மாப்பிள்ளை குப்புறச் சேத்துக்குள்ளை!

நான் கண்ணிலை விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிண்டனான். பெனால்டிதான், சந்தேகமே இல்லை. ஊதினன். "கட்டின புருசனையாடி!" எண்டு தாய் கோட்டுக்கு வெளியிலை தலையிலை அடிச்சுது. கீழை கிடந்த மாப்பிள்ளை பல்லெல்லாம் சேறாச் சிரிக்கிறான்.

பந்தை வைச்சது கப் ஐயா. கோலுக்குள்ளை கீப்பர் ஐயா. சம்பந்தியும் சம்பந்தியும். மழை மட்டும் சத்தம் போடுது.

கப் ஐயா ஓடி வந்தார். நான் அவற்றை முகத்தைப் பார்த்தன். அந்த முகத்திலை உதைக்கிற எண்ணமே இல்லை. பந்தை மெல்லமா, வெளிப்பக்கமா, பிள்ளைக்கு உருட்டி விடுற மாதிரி உருட்டி விட்டார். அது கம்பத்துக்கு அங்காலை போய்ச் சேத்திலை நிண்டது. மரியாதை! சம்பந்தி மரியாதை! பொம்பிளை குடுத்தவர் தோக்கக்கூடாதெண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர் விட்டுக் குடுத்திட்டார்.

எல்லாரும் கைதட்டிச்சினம். கீப்பர் ஐயா தட்டேல்லை. அவற்றை முகம் கறுத்துப்போச்சு. ஒரு நிமிசம் பந்தைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். பிறகு நேரா என்னட்டை வந்தார்.

"ரெஃபரி! அவர் உதைக்கறதுக்கு முன்னாடியே நான் கோட்டை விட்டு நகர்ந்துட்டேன். தப்பு என்னோடது. திரும்ப உதைக்கணும்."

நகரேல்லை. மயிரிழைகூட நகரேல்லை. நான் அந்தக் கோட்டையும் காலையும் பார்த்துக்கொண்டுதான் நிண்டனான். தவிர, வெளியிலை போன பந்துக்குச் சட்டப் புத்தகம் வேறை மாதிரிச் சொல்லும், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த மனுசன் என்ரை கண்ணைப் பார்த்த பார்வை இருக்கே, ரயிலிலை இருந்து "ஊதிடாதீங்க" எண்டு கெஞ்சின அதே ஆள் இப்ப "ஊதுங்க" எண்டு கெஞ்சுறார்.

ஊதினன். "கீப்பர் நகர்ந்தவர். திரும்ப!"

கப் ஐயா திடுக்கிட்டுப் போய் நிண்டார். கீப்பர் ஐயா கோலுக்குள்ளை திரும்பிப் போகேக்கை அவரைத் தாண்டினார். தாண்டேக்கை பல்லைக் கடிச்சுக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது.

"சம்பந்தி, வரலைன்னு எழுதினீங்க, பொறுத்துக்கிட்டேன். ஆடாமலே தப்பிச்சான்னும் எழுதிடாதீங்க. ஒழுங்கா அடிங்க!"

இந்த முறை கப் ஐயா பின்னுக்கு நல்லாத் தள்ளிப் போனார். மூக்காலை மூச்சை விட்டார். ஓடி வந்தார். அந்த வயித்துக்குள்ளை இருந்து அப்பிடி ஒரு உதை எங்கையிருந்து வந்ததெண்டு தெரியாது. பந்து இடி மாதிரிப் போச்சு. கீப்பர் ஐயா சரியான பக்கந்தான் பாய்ஞ்சார். எழுபது வயசு உடம்பு நிலத்தை விட்டு எழும்பிப் போனதை என்ரை ரண்டு கண்ணாலை பார்த்தன். விரல் நுனியிலை பட்டது. பட்டும் நிக்கேல்லை. வலை அதிர்ந்தது.

மூண்டுக்கு இரண்டு. கடைசி விசில் ஊதினன்.

அவர் எழும்பேல்லை. சேத்திலை குப்புறக் கிடக்கிறார். மனிசி செபமாலையை எறிஞ்சுபோட்டு "ஐயோ, என் ராசா!" எண்டு ஓடுது, மகள் ஓடுறாள், நான் ஓடுறன். கிட்டப் போய்ப் புரட்டினால் மனுசன் சிரிக்கிறார். உடம்பெல்லாம் குலுங்கச் சிரிக்கிறார். முகம் முழுக்க ரோசாச் சேறு.

"தோத்துட்டோம்டி!" எண்டு மனிசியின்ரை கையைப் பிடிச்சுக் குலுக்கினார். "நல்லாப் பாத்துக்க, தோத்துட்டோம்!"

கப் ஐயா முழங்காலிலை இருந்து அவரைக் கட்டிப் பிடிச்சு, எழுப்பேலாமல் தானும் விழுந்து, ரண்டு பேரும் கனநேரம் அப்பிடியே கிடந்திச்சினம். பிறகு கப் ஐயா எழும்பிப் போய்க் கப்புக்குள்ளை இருந்த பிளாஸ்ரிக் பூவைப் புடுங்கி எறிஞ்சார். கப்பிலை இருக்கிற 'ஃபோர்ஃபே' எண்ட சொல்லுக்குக் கீழை மூண்டுக்கு இரண்டு எண்டு வெட்டுவிக்கிறன் எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொன்னார். வெட்டுவிச்சும் போட்டார். நான் போய்த் தடவிப் பார்த்தனான்.

அண்டைக்கு எல்லாரும் என்ரை கடைக்குத்தான் வந்தது. தெரு முழுக்க ஆக்கள் நிண்டு பார்க்கினம், மழையிலை நனைஞ்சு ரோசா நிறமா ஒரு கிழட்டுப் பட்டாளம் போகுதெண்டு. மீன்கடைத் தம்பி வெளியிலை வந்து கேட்டான்.

"என்ன ஐயா, மாட்ச்சோ? வெண்டனீங்களோ?"

"தோல்வி!" எண்டார் கீப்பர் ஐயா, பேரன் பிறந்த செய்தி சொல்லுற முகத்தோடை. "மூணுக்கு ரெண்டு!"

தம்பிக்குப் பாவமாப் போச்சு. "அதுக்கென்ன ஐயா. அடுத்த முறை வெல்லுவியள்."

"அடுத்த முறை கிடையாது தம்பி. கிளப்பைக் கலைச்சாச்சு," எண்டார். பிறகு திரும்பி, தனக்குப் பின்னாலை நனைஞ்சு கொண்டு நிண்ட தன்ரை ஆறு பேரையும் பார்த்தார். லாரியிலை ஏத்தின ராத்திரி அவருக்குச் சொல்லக் கிடைக்காத உத்தரவை ரூ காயிலை, மீன்கடைக்கு முன்னாலை, நிமிர்ந்து நிண்டு சொன்னார்.

"ஆட்டம் முடிஞ்சுது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

ஒருத்தரும் போகேல்லை. எல்லாருக்கும் பசி. நான் முன்னுக்கு ஓடிப் போய் எண்ணெயைச் சூடாக்கினன்.